பதினாலு மார்க் மனு

பேராசிரியர் பதவி நேர்காணலுக்கு ஐந்தே நாள் இருக்கும்போது தன் ஆராய்ச்சி பொய் என்று தெரியவருவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். எமிமாளுக்கு அந்தக் கொடுப்பினை வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தாஹிராவின் உருவத்தில் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது.

எமிமாள் இணைப் பேராசிரியர். வயது நாற்பத்தொன்பது. மனிதர்கள் எழுதுவதையும் பேசுவதையும் கணினிக்குப் புரியவைக்கும் துறையில் இருபத்துமூன்று வருஷம் குப்பை கொட்டியவள். பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் ‘அடுத்த தடவை பார்ப்போம்’ என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று துறையின் வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். காரணம், செவி.

செவி அவள் செய்த இயந்திரம். பிரித்துப் பிரித்து அறுபத்தொன்றாகிவிட்ட மாநிலத்தின் மாவட்டங்கள் எல்லாவற்றிலும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரும் மனுக்கள் அத்தனையையும் அதுதான் படிக்கிறது. தாளில் எழுதிக் கொடுத்தாலும் சரி, வாசலில் இருக்கும் பெட்டியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனாலும் சரி. படித்து, எவ்வளவு அவசரம் என்று நூற்றுக்கு மார்க் போடும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்துவிடும். எழுபதுக்கு மேலே இருந்தால் நேராகக் கலெக்டர் மேசை. முப்பதுக்குக் கீழே இருந்தால் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு பதில் தானாகப் போய்விடும். அதற்குமேல் அதை யாரும் தொடவேண்டாம் என்பது அரசாணை. செவியின் துல்லியம் தொண்ணூற்று நான்கு சதவீதம். எமிமாளின் டாக்டர் பட்டம், பதினேழு கட்டுரைகள், இரண்டு விருதுகள் எல்லாமே பதினோரு வருஷமாக அந்தத் தொண்ணூற்று நான்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

தாஹிரா ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே எமிமாளிடம் ஆராய்ச்சி செய்கிறவள். இரண்டு பிள்ளைகளின் தாய். பேராசிரியர் பதவிக்கு வருகிறவர்கள் தங்கள் மூலத் தரவை ஊரறிய வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழகம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. அதற்காகப் பழைய மனுக்களைச் சரிபார்க்கும் வேலையை எமிமாள் இவளிடம்தான் கொடுத்திருந்தாள்.

“மேடம், கோவப்படக் கூடாது.”

“இப்படி ஆரம்பிச்சா கோவம்தான் வரும். சொல்லுங்க தாஹிரா.”

“செவிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நாப்பதாயிரம் மனு வாங்கினீங்க. எல்லாம் ஒரே கலெக்டர் ஆபீஸ்ல. அதைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சு, முப்பதாயிரத்தைப் படிக்கக் கொடுத்தீங்க, மிச்சம் பத்தாயிரத்துல பரீட்சை வச்சீங்க.”

“எல்லாரும் அப்படித்தானே செய்யுறாங்க?”

“அந்த ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் கொடுக்கிறவங்க மொத்தமே ஆறு பேர் மேடம். அதுல கோமதிநாயகம்னு ஒருத்தர். பதிமூணாயிரம் மனு அவர் எழுதினது. ஆரம்பம் ஒண்ணு, முடிவு ஒண்ணு, நடுவுல கெஞ்சுறதும் ஒண்ணு. பேரையும் ஊரையும் மட்டும் மாத்தியிருக்கார். பெரிய விவகாரம்னா ஜனங்க அவர்கிட்டதான் போயிருப்பாங்க போல. அதனால அவர் எழுதினதுல முக்காவாசிக்கு ‘அவசரம்’னு குறி விழுந்திருக்கு.”

எமிமாளுக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. கோமதிநாயகத்தைப் படிக்கக் கொடுத்து, கோமதிநாயகத்திலேயே பரீட்சை வைத்திருக்கிறாள். செவி அவசரத்தைப் படிக்கவில்லை. அந்த மனுஷனின் நடையைப் படித்திருக்கிறது. பரீட்சையில் வரப்போவதைப் பாடத்தில் கலந்துவிடாதீர்கள் என்று வருஷா வருஷம் ஜூலை மாதம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவள் இவள்தான். அதை நினைத்தபோது வெட்கத்தில் காது சுட்டது.

“எழுதின ஆள் வாரியாப் பிரிச்சு மறுபடி பரீட்சை வச்சுப் பாத்தீங்களா?”

“வச்சேன். ஐம்பத்திரெண்டு.”

பூவா தலையா போட்டாலே ஐம்பது வரும்.

“இன்னொண்ணு இருக்கு மேடம்.” தாஹிரா போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். “செவி வந்த முதல் மாசம் பதிவானது.”

ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பின்னால் பஸ் ஹாரன். “வீட்டுச் சுவரு சாஞ்சிக்கிட்டு நிக்கி. மழை வேற வருது. யாராது வந்து பாருங்கய்யா.” அவ்வளவுதான்.

“இதுக்கு செவி பதினாலு மார்க் போட்டிருக்கு. சொந்தமா எழுதினது, வாயால சொன்னது எதுவுமே முப்பதைத் தாண்டல மேடம். ஆள் வச்சு எழுதினாத்தான் தாண்டுது.”

எமிமாள் அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். பதவியை மட்டும் அவள் நினைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி எத்தனை சுவர்கள், அவை எத்தனை பேர் மேல் விழுந்தன என்பதுதான் அவள் மனதில் ஓடியது. இதைச் செய்த கை தன்னுடையது.

துறைத் தலைவர் திரவியம் கெட்டவர் இல்லை. கதையை முழுக்கக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“எமிமாள், நான் சொல்றதைக் கேளுங்க. சனி, ஞாயிறு உக்காந்து சரிபண்ணுங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணிப் பட்டியலுக்கு முன்னாடி புதுச் செவியை ஏத்திவிட்ருங்க. காரணம் கேட்டா ‘வழக்கமான மேம்படுத்தல்’னு எழுதுங்க. நேர்காணல் பதினோரு மணிக்குத்தானே? அப்ப நீங்க சொல்றது நிஜமாவே உண்மையா இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“பழசுக்கு என்ன பதில் சார்?”

“பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. முதலில் இயந்திரம் சரியாகட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தாஹிராவும் அவளும் இரண்டு நாள் பேய் மாதிரி வேலை செய்தார்கள். புதுச் செவி ஒழுங்கான பரீட்சையில் எண்பத்தொன்று வாங்கியது. சுவர் சாய்கிற மனுவைக் கொடுத்துப் பார்த்தார்கள், எண்பத்தெட்டு போட்டது. மாநிலத் தரவு மையத்துக்கு அனுப்பிவிட்டு, காரணம் கேட்ட கட்டத்தில் ‘வழக்கமான மேம்படுத்தல்’ என்று எமிமாளே தட்டச்சு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அதற்குமேல் தாங்க முடியாமல் தாஹிராவைக் கூப்பிட்டாள். “அந்தப் பதினாலு மார்க் மனு எந்த ஆபீஸ்ல வந்தது? வாங்க, போயிட்டு வருவோம். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.”

கலெக்டர் அலுவலக வாசலில் திருவிழாக் கூட்டம். மரத்தடியில் ‘இங்கு செவிக்கு மனு பேசித் தரப்படும்’ என்று வரிசையாக நாலைந்து பலகைகள். பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் மனுதாரருக்குப் பதிலாகப் பெட்டியிடம் ஏற்ற இறக்கத்தோடு கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ‘கருணையே வடிவான ஐயா அவர்கள்’ என்று ஒருவர் ஆரம்பித்தபோது தாஹிரா எமிமாளைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே கோமதிநாயகத்தின் நடை.

மனுப் பிரிவு மாடியில் இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன், ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருக்கிற மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

“யாரு, என்ன விஷயமா வந்திருக்கிய?”

“என் பேர் எமிமாள் சார். செவியைச் செஞ்சது நான்தான்.”

ஆவுடையப்பன் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“யாரு மேடம் சொன்னது?”

“எதை?”

“இல்ல, சும்மாதான் கேட்டேன். இங்க எல்லாம் அரசாணைப்படிதான் செய்யுதோம். எழுபதுக்கு மேல உள்ளத முதல்ல எடுப்போம். முப்பதுக்குக் கீழ உள்ளதத் தொடுறதே இல்ல. சத்தியமாத் தொடுறதே இல்ல.”

எமிமாளுக்கு அதைக் கேட்டதே போதும். நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப பதினோரு வருஷமா அதை யாருமே படிக்கலையா சார்?” என்று கேட்கும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத ஆள் முன்னால் அப்படித் தேம்பி அழுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஆவுடையப்பன் பதறிப்போனார். “அழாதீய மேடம். ஏன் அழுதிய?” தாஹிராவைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் எங்களுக்கு மெமோ குடுக்க வரலையா?”

“மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க சார். செவி போடுற மார்க் தப்பு. பதினோரு வருஷமாத் தப்பு.”

“அட, அது எங்களுக்குத் தெரியுமே!” என்றுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாயை விட்டாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுதேன். வெளிய போகப்பிடாது. செவி வந்து மூணாவது வாரம். லிங்கத்தாய்னு ஒரு பொம்பள, சுவரு சாயுதுன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போச்சு. மார்க் பதினாலு. நான் அப்பம் கிளார்க்கு. அரசாணைப்படி தொடல. அஞ்சாம் நாள் சுவரு விழுந்துட்டு, அந்தம்மா வலதுகை போச்சு. மறுநாள் ஆபீஸுக்கு வந்து, முப்பதுக்குக் கீழ கிடந்த அம்புட்டையும் எடுத்துப் படிச்சேன். என்ன இருந்துச்சு தெரியுமா மேடம்? ஆளில்லாத ஜனம். எழுதிக் குடுக்க ஆளில்ல, பேசிக் குடுக்க ஆளில்ல. பாதிக்கு மேல நெசமாவே தல போற காரியம். மேல எம்பது, தொண்ணூறுன்னு வாங்கினது என்னன்னு பாத்தா, வேகத்தட வேணும், பட்டாவுல பேரு மாத்தணும். அன்னையில இருந்து நாங்க கதவச் சாத்திக்கிட்டு அடியில இருந்துதான் படிக்கோம். மெஷின் போடுத மார்க்கத் தலகீழாப் பிடிச்சா, யாருக்கு நாதியில்லன்னு அச்சுப் பிசகாமச் சொல்லும்.”

“இந்த ஆபீஸ்ல மட்டுமா?” தாஹிரா கேட்டாள்.

“வருஷத்துக்கு ஒருக்கா ட்ரெய்னிங்னு எல்லா மாவட்டத்து மனுப் பிரிவையும் கூப்பிடுவாங்க. மத்தியானச் சாப்பாட்டுல பக்கத்துல பக்கத்துல உக்காருவோம்லா? ஒருத்தர் காதுல ஒருத்தர் போட்டு வச்சோம். இப்பம் அறுபத்தோரு மாவட்டத்துலயும் இதான் நடக்கு.”

எமிமாளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் மறுபடி சொன்னார். நெஞ்சில் நாலு நாளாக உட்கார்ந்திருந்த பாறாங்கல் மெல்ல இறங்கியது. இந்தப் பதினோரு வருஷமும் தன் இயந்திரத்தை முழுசாக நம்பிய ஆள் ஒரே ஒருத்திதான், அதுவும் அதைச் செய்தவள் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆவுடையப்பனுக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

சிரிக்காமல் இருந்தது தாஹிராதான். “மேடம்,” என்றாள், “நாளைக்குப் பத்து மணிக்குப் புதுச் செவி ஏறுது.”

எமிமாளின் சிரிப்பு அப்படியே நின்றது. புதுச் செவி சரியானது. நாதியில்லாதவர்களின் மனுவுக்கெல்லாம் இனி எண்பது, தொண்ணூறு விழும். அறுபத்தொரு அலுவலகங்களிலும் இவர்கள் பழக்கப்படி அடியிலிருந்து ஆரம்பித்து வேகத்தடை மனுக்களைப் பொறுப்பாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். நிஜமான அவசரம் கடைசிக் கட்டில் பழைய வேகத்தடைகளைப் போலவே மடங்கிக் கிடக்கும்.

“மேலேருந்து படிங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட முடியாதா சார்?”

“சொல்லலாம் மேடம். நம்புவாங்களா?” அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. “போன தடவ தொண்ணூத்தி நாலுன்னு சொன்னதும் நீங்கதான?”

எமிமாள் எழுந்தாள்.

“நிறுத்திடுறேன் சார். நாளைக்குப் பத்து மணிக்குள்ள நிறுத்திடுறேன்.”

“நிறுத்துங்க. எங்க விஷயம் மட்டும் வெளிய வரப்பிடாது மேடம். அரசாணைய மீறியிருக்கோம். பென்ஷன் நேரத்துல மெமோ வாங்குனா பிள்ளைகுட்டியெல்லாம் தெருவுலதான் நிக்கணும்.”

திரும்பும் வழியில் லிங்கத்தாயைப் பார்க்கப் போனார்கள். ஆவுடையப்பன் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்த அரசாங்க வீட்டில் இருந்தாள். வலதுகை மணிக்கட்டில் கோணி, விரல்கள் மடங்கியபடியே இருந்தன. இடதுகையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், யாரென்று கேட்காமலே “உக்காருங்கம்மா” என்றாள்.

எமிமாள் உட்காரவில்லை. “அந்தப் பெட்டிகிட்ட நீங்க சுவர் சாயுதுன்னு சொன்னீங்கல்ல? அதுக்குப் பதினாலு மார்க் போட்டது என் மெஷின்தாம்மா. அதனாலதான் யாரும் வரல.”

லிங்கத்தாய் உரிப்பதை நிறுத்தினாள். “நூத்துக்கா?”

“ஆமா.”

“பதினாலா! நான் பள்ளிக்கூடத்துலயே அம்புட்டு வாங்கினதில்லையே,” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, “கை போனது போனதுதாம்மா. ராத்திரியில வலிக்கும். இனி யாருக்கும் அப்படிப் போடாம இருக்கச் சொல்லுங்க,” என்றாள். வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் காப்பி போட்டுக் கொடுத்தாள். எமிமாள் அதைக் குடித்து முடிக்கப் பெரும்பாடு பட்டாள்.

ஏற்றப்போகும் இயந்திரத்தை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. திங்கட்கிழமை மாலையே விண்ணப்பம் போட்டும், தரவு மையத்திலிருந்து செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்குத்தான் ஓர் அதிகாரி கூப்பிட்டார்.

“மேம்படுத்தல்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப நிறுத்தணும்ங்கிறீங்க. காரணம் எழுத்துல வேணும் மேடம். ஒண்ணு சொல்லிடறேன், அது அப்படியே பொதுத் தளத்துல வந்துடும். இன்னைக்கு உங்க நேர்காணல்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுச் செய்யுங்க.”

“பத்து மணிக்குள்ள எழுதினா நின்னுடுமா?”

“நின்னுடும்.”

எமிமாள் எழுதினாள்: ‘செவியின் தொண்ணூற்று நான்கு சதவீதம் தவறு. அளந்த முறை தவறு. ஒருவரே எழுதிய மனுக்களைப் பாடத்திலும் பரீட்சையிலும் கலந்துவிட்டேன். பிழை முழுவதும் என்னுடையது. புதுச் செவியை என்னைச் சேராத ஒருவர் சோதித்து, மனுப் பிரிவினரைக் கலந்து பேசிய பிறகே ஏற்ற வேண்டும்.’ ஆவுடையப்பன்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கையொப்பம் இட்டாள். இருபத்துமூன்று வருஷ உழைப்பு கைவிட்டுப் போனதற்கு நியாயமாக அழுகை வந்திருக்க வேண்டும். அவளுக்கோ கொட்டாவிதான் வந்தது, நன்றாகத் தூங்கலாம் போல இருந்தது.

நேர்காணல் அறையில் ஐந்து பேர். நடுவில் இருந்த வைஜயந்தி, ஓய்வுபெற்ற கலெக்டர். அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்திருந்தார். எல்லார் முன்னாலும் எமிமாளின் அறிக்கை கிடந்தது. திரவியம் சார் மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்,” என்றார் வைஜயந்தி. “இவ்வளவு தப்பான மெஷின் பதினோரு வருஷம் ஓடியிருக்கு. ஊரே கொந்தளிச்சிருக்கணுமே. பெருசாப் புகாரே வரலையே, எப்படி?”

காலையிலிருந்து உண்மையாகப் பேசிப் பேசி எமிமாளுக்கு அது பழகியிருந்தது. ஆனாலும் ஆவுடையப்பன் முகம் நினைவுக்கு வந்தது. “தெரியலை மேடம்,” என்றாள்.

வைஜயந்தி அறிக்கையின் கடைசி வரியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நான் கலெக்டரா இருந்தப்ப என் மேசைக்கு முதல்ல வர்ற கட்டுல எல்லா மனுவும் முப்பது மார்க்குக்குக் கீழதான் இருக்கும். ஏன்னு நான் கேட்டதே இல்ல. கேட்டிருந்தா நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.” அறிக்கையை மூடி, “நீங்களும் தெரியாதுன்னே சொல்லுங்க,” என்றார்.

அந்த வருஷம் பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. கட்டுரைகளை எமிமாளே திரும்பப் பெற்றாள். விருதுகளைத் திருப்பி அனுப்பினாள். ஒன்றை ‘முகவரி மாறிவிட்டது’ என்று தபால்காரர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தாஹிராவின் ஆராய்ச்சி அந்தப் பிழையைப் பற்றியதாகவே மாறியது. வழிகாட்டி என்ற இடத்தில் எமிமாளின் பெயர் இருக்கலாமா என்று பல்கலைக்கழகம் கேட்டது. அது இருந்துதான் ஆகவேண்டும் என்று தாஹிரா சண்டை போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, புதுச் செவியின் சோதனை முடியாமல் பழையதே ஓடிக்கொண்டிருக்கையில், அரசாணை ஒன்று வந்தது. மாநிலம் முழுவதும் குறைதீர் நாள் மனுக்கள் இனி குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கிப் படிக்கப்பட வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று மட்டும் இருந்தது. யார் எழுத வைத்தார்கள் என்று எமிமாளுக்கு ஒரு யூகம் உண்டு, அவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

“மேடம், ஆவுடையப்பன் பேசுதேன். அரசாணை பாத்தியளா?”

“பாத்தேன் சார். வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“எப்பவும் போலத்தான். இன்னைக்கும் நூத்தி நாப்பது படிச்சோம்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “கதவ மட்டும் தொறந்து வச்சுக்கிட்டுப் படிச்சோம் மேடம்.”